கருப்பு நாய்க்கு வந்த பக்தர்கள்

“கடிக்குமா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையிலும் மாலையிலும் இரண்டு நாய்களையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துத் தெருவில் இறங்குகிறேன். யாராவது ஒருவர் கேட்காமல் நாங்கள் வீடு திரும்பியதில்லை. கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கையை நீட்டிய பிறகு கேட்கிறார்களே, அதுதான் சங்கடம். கை நாயின் தலையை நோக்கிப் பாதி தூரம் வந்திருக்கும். வாய் அப்போதுதான் “கடிக்குமாம்மா?” என்று ஆரம்பிக்கும். இதே மனிதர்கள் வீட்டில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு கரண்ட் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

“கடிக்காது” என்று சொன்னால் மீதித் தூரத்தையும் கை கடந்துவிடும். “கடிக்கும்” என்று சொன்னால், கடிக்கிற நாயை எதற்குத் தெருவுக்குக் கொண்டுவருகிறாய், குழந்தை வேறு கூட இருக்கிறது, நீ எல்லாம் ஒரு தாயா என்கிற மூன்று கேள்விகளும் ஒரே மூச்சில் வரும். உண்மையைச் சொல்வதென்றால் “தெரியாது” என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு முறை சொல்லியும் பார்த்தேன். கேட்டவர் நாயை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் வேதியியல் படித்தவள். ஒரு பொருள் வினைபுரியுமா என்று கேட்டால், எதனோடு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று திருப்பிக் கேட்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில் அதற்கு அவகாசம் இல்லை. அதனால் நாய் வளர்க்கும் தமிழர்கள் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவந்தேன். “ஒண்ணும் பண்ணாதுங்க.”

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. விருந்தாளியிடம் “ஒண்ணும் சிரமமில்லைங்க” என்று சொல்வோமே, அந்த மாதிரி. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக்கொள்ளும். என் வாய் பேசுவது நாய்க்குப் புரியாது. கயிறு இறுகுவது நன்றாகப் புரியும்.

எங்கள் நாய்களில் ஒன்று செவலை. காட்டூரில் என் நாத்தனார் வீட்டுத் தெருவில் பிறந்தது. அதற்கு உலகத்தில் எல்லோரும் சொந்தக்காரர்கள். யார் வேண்டுமானாலும் காதைப் பிடித்து இழுக்கலாம், அதுவே இன்னொரு காதையும் கொடுக்கும். ஆனால் செவலையை யாரும் சீண்டுவதில்லை. எல்லோருக்கும் கருப்புதான் வேண்டும். கருப்பை என் கணவர் கொள்ளிடக் கரையில் கண்டெடுத்தார். அதற்கு முன்னால் அதை யாரோ அடித்து வளர்த்திருக்கிறார்கள், அல்லது அடித்து விரட்டியிருக்கிறார்கள். மேலேயிருந்து ஒரு கை இறங்கினால் அதன் உடம்பு முழுவதும் சுருங்கி, உதடு மட்டும் மேலே போகும்.

தில்லை நகரில் இருக்கும் கால்நடை மருத்துவர் ஒரு பெண். கருப்பை மேஜைமேல் ஏற்றாமல், தானே தரையில் உட்கார்ந்து பார்த்தார். “இது கோவக்கார நாய் இல்லைங்க, பயந்த நாய். பயந்ததுதான் கடிக்கும். தலைக்கு மேல யாரும் கை கொண்டுவர விடாதீங்க. சும்மா பக்கத்துல நில்லுங்க, அதுவா வரட்டும்” என்றார். வயிறும் சரியில்லை, பிஸ்கட் கூடவே கூடாது என்றார். நான் தலையாட்டினேன். எளிதான காரியம் என்று அப்போது நினைத்தேன்.

இதுவரை அது யாரையும் கடித்ததில்லை. உண்மையில் எங்கள் வீட்டில் இதுவரை பிறரைக் கடித்தவள் என் மகள் ஒருத்திதான். கன்னத்தைக் கிள்ள வந்த ஓர் அம்மாளின் விரலைப் பிடித்துவிட்டாள். அவளைக் கிள்ளுவதற்கு முன்னால் கடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கருப்பு ஒரே ஒரு முறை, கொரியர் கொடுக்க வந்தவர் குனிந்து தலையைத் தட்டப் போனபோது, வெறும் காற்றைக் கவ்வி வாயை மூடியது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அந்தச் சத்தம் அரிசி களையும்போதுகூடத் திடீரென்று கேட்கும்.

ஏனென்றால் எங்களுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய தெருவில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். நான் அவர்களை மாமா, மாமி என்று கூப்பிடுவேன், என் மகளுக்குத் தாத்தா, மாமி. உறவுக் கணக்கு உதைக்கும், ஆனால் மாமிக்குப் பாட்டி என்றால் பிடிக்காது. வீடு பார்க்க வந்த அன்று மாமா நாய்களைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார், பிறகு சொன்னார்: “நாய் இருக்கட்டும். கம்ப்ளைண்ட் வரப்படாது. ஒண்ணு வந்தாலும் நான் யோசிக்க மாட்டேன்.”

நாய்களோடு குடிவரச் சம்மதிக்கும் இன்னொரு வீடு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் கிடைக்காது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் புகார் வந்தால் கருப்பு லால்குடிக்குப் போகும் என்று என் கணவர் முடிவு செய்துவிட்டார். அங்கே அவருடைய அத்தைக்கு வயல் இருக்கிறது. மோட்டார் ரூம் வாசலில் நாய் கட்ட ஒரு கம்பி இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது அந்தக் கம்பியையும் சங்கிலியையும் பார்த்தேன். சங்கிலி, படுத்து எழுந்திருக்கப் போதும். என் மகள் கருப்பின் முதுகில் கால் போட்டால்தான் தூங்குவாள். எனவே தெருவில் என்னை நோக்கி வரும் ஒவ்வொரு கையையும் லால்குடி பஸ்ஸாகத்தான் நான் பார்க்கிறேன்.

கைகளில் பல வகை. நாய் தெரிந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. “எங்க வீட்டுலயும் நாய் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். இறந்தகாலத்தைக் கவனியுங்கள். என்ன ஆயிற்று என்று நான் கேட்பதில்லை. நாய்க்குத் தன்னைப் பார்த்தாலே பிடிக்கும் என்பார் நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர், கருப்பு என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கும்போதே. பைக்கை மெதுவாக்கி நாய் மாதிரி குரைத்துவிட்டுப் போகும் வாலிபர்கள் உண்டு. அவர்கள் குரைப்பதற்கு என் நாய்கள் இதுவரை பதில் சொன்னதில்லை, உச்சரிப்பு சரியில்லையோ என்னவோ.

சோறு ஊட்டும் அம்மாக்கள் தனி ரகம். கிண்ணத்தோடு தெருவில் நின்று, “சாப்பிடலைன்னா நாய்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்” என்று பிள்ளையைத் தூக்கிக் கருப்பின் மூக்குக்கு நேராகக் கொண்டுவருவார்கள். ஒருத்தி என்னிடம், “அக்கா, கொஞ்சம் உர்ருங்கச் சொல்லுங்களேன், நாலு வாய் வாங்கிக்குவான்” என்று உதவி கேட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு நானும் என் மகளை ஊசி போடும் டாக்டரைச் சொல்லித்தானே சாப்பிட வைக்கிறேன் என்று ஞாபகம் வந்து, முழுசாக ஆத்திரப்படவும் முடியாமல் போயிற்று.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைக் கூட்டிப்போவார். அவரை நிறுத்துகிறவர்கள், “என்ன பிரீட் சார்?” என்று கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார்களாம். அவரும் நாட்டு நாய் என்று சொல்லிவிட்டு வருவார். “நீ ஏன் எல்லாருக்கும் நின்னு பதில் சொல்ற?” என்று என்னைக் கேட்பார். நிற்காமல் போனால் திமிர் என்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் போனால் அவசரம் என்பார்கள்.

ஆனால் இவர்கள் எல்லோரையும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதவர்கள் பக்தர்கள்.

குடிவந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மட்டும் கூட்டம் அதிகமாக இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே வருவார்கள், தயிர்சாதம் கொண்டுவருவார்கள், ஒருவர் வடை கொண்டுவந்தார். விசாரித்தால், ஜோசியர் சொன்னாராம். சனி தசைக்குக் கருப்பு நாய்க்கு உணவிட வேண்டும், அது பைரவர். இங்கிருந்து திருவானைக்காவல் போகிற வழியில் எங்கோ ஒரு ஜோசியர் உட்கார்ந்துகொண்டு, வருகிற எல்லோரையும் கருப்பு நாயிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். தெருவில் உள்ள நாய்கள் பெரும்பாலும் செவலையும் வெள்ளையும் புள்ளியும்தான். முழுக் கருப்புக்குத் தட்டுப்பாடு. அதனால் தீவின் பாதிச் சனி தசை என் கையில் இருக்கும் கயிற்றின் முனையில் வந்து நிற்கிறது.

எப்படி மறுப்பது? பிஸ்கட் வயிற்றுக்கு ஆகாதுங்க என்றால், “ஒண்ணே ஒண்ணும்மா, பொண்ணு கல்யாணம் தள்ளிக்கிட்டே போகுது” என்பார்கள். என் நாயின் வயிற்றுப்போக்கையும் ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும்? நான் கடமை தவறாதவள் என்று பெயர் எடுத்தவள். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் போடுகிறேன் என்பேன். அது செல்லாது. அவர்கள் கையால் போட வேண்டும், அது தின்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், முடிந்தால் தலையைத் தடவ வேண்டும்.

ஒரு அம்மாள் கருப்பைச் சுற்றி வந்து ஆராய்ந்துவிட்டு, “நெஞ்சுல வெள்ளை இருக்கே” என்றார். இருக்கிறதுதான், ஒரு வெற்றிலை அளவு. எனக்கு ஏதோ போலி சரக்கு விற்று மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, மன்னிப்பே கேட்டேன். அவர் செல்போனை எடுத்து ஜோசியருக்கு வீடியோ கால் போட்டு, போனைக் கருப்பின் நெஞ்சுக்கு நேரே காட்டினார். அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, முதுகு கருப்பாக இருந்தால் போதும் என்று தீர்ப்பு வந்தது. நான் ஏன் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

புரட்டாசி கழிந்து ஒரு சனிக்கிழமை. காவிரிக் கரையோரம் போய்க்கொண்டிருந்தோம். அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு டூரிஸ்ட் வேனுக்குப் பின்னாலிருந்து யாரோ “சித்த நில்லுங்கோ” என்றார்கள். பார்த்தால் எங்கள் ஹவுஸ் ஓனர். குளித்துத் திருமண் இட்டு, கையில் எவர்சில்வர் டப்பா. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

பெங்களூரில் இருக்கும் அவர் மகனுக்கு ஜாதகம் தட்டிக்கொண்டே போகிறது என்று எனக்குத் தெரியும், மாமி மாடிக்குக் கேட்கிற மாதிரி போனில் புலம்புவார். மாமா அதை எல்லாம் சொல்லவில்லை. “ஏதோ பரிகாரம்னு சொன்னா” என்று மட்டும் சொன்னார். பைரவர் என்ற பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. பெருமாள் தெருவில் பிறந்து வளர்ந்தவர், சிவன் கோவில் சாமியின் பெயரைச் சொல்ல முடியாதுதான். வீட்டு வாசலிலேயே போட்டிருக்கலாம், எங்கள் நாய் அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தெரு பார்க்கும். அதனால் தன் வீட்டு நாயைத் தேடி இவ்வளவு தூரம் நடந்து வந்து வேனுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

பிறகு, எல்லோரையும் போல, கையை நீட்டிய பிறகு கேட்டார். “கடிக்குமோ?”

தினமும் அவர் படிக்கட்டில் ஏறி இறங்கும் நாய். அதைப் பற்றிய புகார் யாருடைய காதுக்குப் போய்விடக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ, அவரே வந்து கேட்கிறார். கடிக்காது என்றால் தொடுவார். கடிக்கும் என்றால் அதுவே புகார். “ஒண்ணும்...” என்று ஆரம்பித்தேன். அவர் வலது கையில் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டு, ஜோசியர் சொல்லியிருப்பார் போல, இடது கையை ஆசீர்வாதம் செய்கிற மாதிரி கருப்பின் தலைக்கு மேலே கொண்டுவந்தார். கருப்பு தரையோடு தாழ்ந்தது. காது பின்னால் போயிற்று. உதடு மேலே ஏறியது. பெரியவர் ஒருவரிடம், அதுவும் குடியிருக்கும் வீட்டுக்காரரிடம், கையை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? மரியாதையான ஒரு வாக்கியத்தை நான் மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். எழுவாய் வந்துவிட்டது, பயனிலை வரவில்லை.

என் மகள் சொன்னாள்: “தாத்தா, தொடாதீங்கோ. அது மடி.”

கை பறந்தது. அவர் யோசிக்கவில்லை, கைதான் தானாகப் பின்னால் போயிற்று. காலும் இரண்டு எட்டு பின்னால் வைத்து, வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். தொட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. இளநீர் வெட்டுகிறவர் அரிவாளை வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு, யார் மடி, யார் யாரைத் தொடக் கூடாது என்பது புரிந்தது. தன் கையை ஒரு முறை பார்த்தார், நாயை ஒரு முறை பார்த்தார்.

அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். காலையில் மாமி குளித்துவிட்டு ஈரத் தலையோடு தளிகை பண்ணச் சமையலறைக்குப் போகும்போது இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்ப்பாள். “தள்ளி நில்லுடி கண்ணா, மாமி மடி” என்பார் மாமி. அப்படியென்றால் என்ன என்று என்னைக் கேட்டாள். குளித்த சுத்தத்தோடு யாரையும் தொடாமல் இருக்கும் அந்தப் பழக்கம் எனக்கே இல்லை, என் பிறந்த வீட்டில் இந்தச் சொல்லும் இல்லை. நாலு வயதுக்கு ஏற்ற மாதிரி சொன்னேன்: இப்ப தொடக் கூடாது, வேலை முடிஞ்சதும் அவங்களா வருவாங்க, அது வரைக்கும் தள்ளி நிக்கணும். டாக்டரம்மா கருப்பைப் பற்றிச் சொன்னதும் அதேதானே. குழந்தை இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. வேதியியல் படித்த நான் பார்க்கவில்லை.

மாமா தயிர்சாதத்தை இலையில் வைத்து, இலையைத் தரையில் வைத்து, தள்ளி நின்றார். கருப்பு வெகுநேரம் யோசித்துவிட்டு, அதுவாக வந்து, சாப்பிட்டது. “இதை ஆத்துல மாமிகிட்ட சொல்லிண்டிருக்க வேண்டாம்” என்றார் அவர். பிறகு வேகமாக ஆற்றுப் பக்கம் இறங்கினார், மறுபடி குளிக்க.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். வேனுக்குப் பின்னாலிருந்து, டப்பாவோடு. மகனுக்கு வரன் அமையும் வரை போட வேண்டுமாம். அதாவது, வரன் அமையும் வரை கருப்பை வெளியேற்ற அவராலும் முடியாது. இது எனக்கு அவர் அதைச் சொன்ன அன்று இரவு பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. அந்தச் சந்தோஷத்தில் வந்த குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. கோவிலுக்குப் போய் நின்று, பெருமாளே அந்தப் பையனுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவசரமில்லை என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவசரமில்லை என்றதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் எதை எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

இதற்கிடையில் மகளின் சொல்லை நான் சுவீகரித்துக்கொண்டேன். கை நீளும்போதே “மடிங்க” என்பேன். நாய் தெரிந்தவர், பிஸ்கட்காரர், நடைப்பயிற்சிப் பெரியவர், எல்லோருடைய கையும் சுவிட்சைத் தட்டிய மாதிரி நின்றது. பயந்த நாய், அடிபட்ட நாய், வயிறு சரியில்லாத நாய் என்று மாதக்கணக்கில் கெஞ்சியும் கேட்காதவர்கள் இவர்கள். ஒரு உயிர் பயப்படுகிறது என்றால் யாருக்கும் பொருட்டில்லை, அது சுத்தமாக இருக்கிறது என்றால் அத்தனை பேரும் ஒதுங்குகிறார்கள். எங்களைப் போன்றவர்களைத் தள்ளி நிற்க வைக்கத்தான் அந்தச் சொல் இத்தனை காலம் பயன்பட்டது. ஒரு கொள்ளிடக்கரை நாய்க்கு அது கவசமானதில் எனக்கு ஒரு கெட்ட திருப்தி இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. தில்லை நகரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது, கிளினிக் வாசலில் நீண்ட ஒரு கையைப் பார்த்து “மடிங்க” என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, “அப்படியா, மடியில வேற உக்காருமா?” என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து புடவையை விரித்துக்கொண்டார்.

கார்த்திகையில் எனக்குப் புகார் வந்தது. கொடுத்தவரும் மாமா, வாங்கிக்கொண்டவரும் மாமாவே. படிக்கட்டில் நிறுத்தினார். யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள், உங்காத்து மாடி நாய் மடி நாயாமே என்று. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் படங்கள் வந்ததாம். லால்குடிச் சங்கிலி கண்ணுக்கு முன்னால் வந்தது.

“நாயைப் பத்தி நேக்கு ஒண்ணும் இல்லை. அந்த வார்த்தை வேண்டாம். நாய்க்கெல்லாம் அதைச் சொல்லப்படாது.”

சரிங்க மாமா என்றேன். வேறு என்ன சொல்வது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வார்த்தை இல்லாவிட்டால் உங்கள் இடது கையின் கதி என்ன என்றும் கேட்டிருக்கலாம். இதெல்லாம் மாடி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் தோன்றும்.

இப்போது மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே வெளியூராகிவிட்டது, தெருவில் கைகள் பெருகிவிட்டன. நான் மறுபடி “ஒண்ணும் பண்ணாதுங்க”வுக்கே திரும்பி, கயிற்றைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை சிவந்து கிடக்கிறது. போன வாரம் மாமி மாடிக்கே வந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் கும்பகோணம். தை பிறந்ததும் முதல் சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். நான் சந்தோஷம் என்றேன், பாதிக்கு மேல் உண்மையாகவே.

அன்று மாலை மாமா கீழிருந்து கூப்பிட்டார். நான் இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பரிகாரம் பலித்த விஷயத்தைச் சம்பந்தியிடம் போனில் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்திக்கும் சனி தசையாம். அந்த நாயைப் பார்க்க வேண்டும், தன் கையாலேயே போட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். எனவே அன்றைக்குக் கருப்பைக் காட்டூர் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டம் போயிற்று. கும்பகோணத்திலிருந்து ஒரு வேன் நிறையக் கைகள் வருகின்றன. மாப்பிள்ளை வீட்டு நாய் சம்பந்தியைக் கடித்தது என்று ஒரு பேச்சு வந்தால் கல்யாணமும் நிற்கும், கருப்பும் நிற்காது.

“அவர் கடிக்குமோன்னு கேட்டா என்ன சொல்லப் போறேள்?” என்றார் மாமா.

“ஒண்ணும் பண்ணாதுன்னு...” என்றேன்.

“அது நேக்கும் தெரியும். அவர் கையை நீட்டினா?”

நான் படிக்கட்டை விட்டு நகரவில்லை. அவரும் போகவில்லை. இருவரும் ஒரே சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு நிச்சயம். சம்பந்தியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது என்றவரும் அவரே. என் மகளை அன்று எங்காவது அனுப்பிவிடச் சொன்னார். அவள் சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அவள் இல்லாவிட்டால் யார் சொல்வது என்று எனக்குப் பயம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எனக்கு ஒரு சொல் வேண்டும். வயதில் பெரியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படக் கூடாது. கை பாதித் தூரம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே அர்த்தம் தர வேண்டும், கும்பகோணத்திலும் புரிய வேண்டும். இந்த உயிர் உங்களுக்குப் பயப்படுகிறது, அதுவாக வரும் வரை தள்ளி நில்லுங்கள் என்பதுதான் பொருள். இவ்வளவு பழைய மொழியில் அதற்கு ஒரு சொல் இல்லாமலா இருக்கும்? தெரிந்தவர்கள் தை பிறப்பதற்குள் சொல்லி அனுப்புங்கள்.